மேடைக் காற்றாலையும் திரைக் காற்றாலையும்: ‘மேன் ஆஃப் லா மான்சா’ திரைத்தழுவல்

முன்னுரை

செர்வாண்டிஸ் 1605, 1615 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட ஸ்பானியப் புதினம் ‘டான் குயிக்ஸாட்’. வீரக்கதைகளில் தோய்ந்து, தன்னையே மாவீரனாகக் கருதி உலகைத் திருத்தப் புறப்படும் முதியவனே அதன் நாயகன். அவனை மையமாகக் கொண்டு டேல் வாசர்மன் எழுதிய ‘மேன் ஆஃப் லா மான்சா’ இசைநாடகம் 1965இல் நியூயார்க்கில் அரங்கேறி, 2328 முறை நிகழ்த்தப்பெற்றது. ஆர்தர் ஹில்லர் 1972இல் இயக்கிய திரைப்படமோ திறனாய்வாளரிடம் அத்தகைய வரவேற்பைப் பெறவில்லை. நாயகன் பீட்டர் ஓ'டூலுக்காக வேறொருவர் பாடியமை அதன் குறைகளுள் ஒன்றாகச் சுட்டப்பெறுவதுண்டு. அதனினும் அடிப்படையான காரணம் காட்சிமுறையின் மாற்றத்தில் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மேடையின் காட்சிமுறை

நாடகம் முழுவதும் ஒரே சிறைக்கூடத்தில் நிகழ்கிறது. சமய விசாரணைக்குக் காத்திருக்கும் செர்வாண்டிஸைச் சக கைதிகள் தாமே விசாரிக்கின்றனர். தோற்றால் அவரது கையெழுத்துப்படி பறிபோகும். அதனைக் காக்க அவர் கதையை நடித்துக் காட்டுகிறார், கைதிகளே பாத்திரங்களாகின்றனர். குதிரைகளாக வருவோரும் நடிகரே. காற்றாலைப் போர் மேடைக்கு வெளியே நிகழ்கிறது. எனவே அரக்கனையும் காற்றாலையையும் பார்வையாளர் தம் மனத்திலேயே படைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. கனவு காண்பவனின் செயலில் அவர்களும் பங்கேற்கின்றனர்.

திரையின் காட்சிமுறை

திரைப்படம் சிறையை விட்டு வெளியேறித் திறந்த நிலவெளிக்குச் செல்கிறது. காற்றாலை கண்ணெதிரே சுழல்கிறது. அது காற்றாலையே எனப் பார்வையாளர் முன்னரே அறிந்துவிடுவதால், நாயகனின் இலட்சியம் பித்தாகச் சுருங்குகிறது. நடித்துக் காட்டும் கைதிகளும் பார்வையிலிருந்து நீங்குவதால், கையெழுத்துப்படிக்கான வழக்கின் இறுக்கம் தளர்கிறது.

நாவிதனின் கிண்ணத்தைப் பொன் தலைக்கவசமாக நாயகன் கொள்ளும் காட்சி இதற்கு மாறானது. கிண்ணம் இரு வடிவங்களிலும் கண்முன் உள்ள பொருள். பொருள் மாறாமல் பெயர் மட்டுமே மாறுவதால், அக்காட்சி திரையிலும் பெரிதும் சிதையவில்லை.

முடிவுரை

கனவு காண்பவனைப் பற்றிய படைப்பில் எதனைக் காட்டுவது என்பதைப் போலவே எதனைக் காட்டாது விடுவது என்பதும் பொருளைத் தீர்மானிக்கிறது. மேடையின் வெறுமையைக் குறையெனக் கருதி இயற்கைக் காட்சிகளால் நிரப்பும்போது, பார்வையாளர் கனவின் பங்காளியாக இருந்த நிலையிலிருந்து அதன் சாட்சியாக மாறிவிடுகின்றனர். தழுவலை ஆராய்வோர் கதைமாற்றங்களைப் பட்டியலிடுவதுடன் இந்நிலைமாற்றத்தையும் கருதுதல் வேண்டும்.