உஷார்! "சும்மா விசாரணைதாம்மா, ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க"

போனில் இப்படி ஒரு குரல் கேட்டால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். இதைப் படியுங்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கும், உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர். சென்னையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர். அதில் ஒரு வீட்டில் செயினைக் காணோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்மா." நம்பிப் போனார். தனியாகப் போனார். போனதும் செல்போனை வாங்கி ரைட்டர் மேஜை டிராயரில் போட்டார்கள். "ஐயா வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஐயா வரும்போது மணி பத்து. அதட்டல், மிரட்டல், திரும்பத் திரும்ப அதே கேள்வி. கடைசியில் எழுதி வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார்கள். வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்கின்றன. விட்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிறகு ஒரு வக்கீல் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரியிலேயே இருந்தது: "என் சொந்த விருப்பத்தின் பேரில் நிலையத்தில் ஆஜராகி..."

அந்த ஒரு வரிதான் ஆபத்து!

ஏனென்று சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு, விசாரணைக்காக ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்கிறது. போலீஸ்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பெண்களுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே 160-ஆம் பிரிவாக இது இருந்தது. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். அது சட்ட மீறல் என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. முதலமைச்சராக இருந்தவரையே கூப்பிட்டவர்கள், பாத்திரம் தேய்க்கிறவரைக் கூப்பிடத் தயங்குவார்களா?

புதுச் சட்டத்தில் கூடுதலாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அவரே விருப்பப்பட்டால் ஸ்டேஷனுக்கு வர அனுமதிக்கலாமாம். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு, போனும் கையில் இல்லாமல், தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் "விருப்பம்" எப்படிப்பட்டது? அதை யார் சரிபார்க்கப் போகிறார்கள்? எனக்கு இதுதான் பெரிய பயம்.

எழுத்தில் எதுவும் தராமல் வாயால் மட்டும் கூப்பிட்டால், உஷார்! நோட்டீஸ் கேளுங்கள். எந்தப் புகார், எந்தப் பிரிவு, யார் விசாரணை அதிகாரி என்று கேளுங்கள். உங்களையே குற்றம் சாட்டி அதே புதுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்தால் மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது. ஆஜராகாமல் விட்டால் அதையே காரணம் காட்டிக் கைது செய்ய முடியும். உடனே வக்கீலைப் பாருங்கள். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"மகளிர் ஸ்டேஷன்தானே, பயப்படாம வாங்க" என்றாலும் உஷார்! அதுவும் ஸ்டேஷன்தான்.

போனை வாங்கி வைத்தால் உஷார். கூட வந்தவரை வெளியே நிறுத்தினால் உஷார். படிக்க விடாமல் கையெழுத்துக் கேட்டால், வெற்றுத் தாளை நீட்டினால், ரொம்ப ரொம்ப உஷார்!

இருட்டிய பிறகு ஜீப்பில் ஏறச் சொன்னால்? சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். இதை நம்பி நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். இந்த விதியை மீறிய ஒரே காரணத்தால் கைது செல்லாமல் போய்விடாது, மீறிய அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அதனால் அந்த நிமிடத்திலேயே "அனுமதி எங்கே?" என்று கேளுங்கள். நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவரை நகை காணாமல்போன புகாருக்காகத்தான் பிடித்துப் போனார்கள். 27 வயதுப் பையன். உயிரோடு திரும்பவில்லை.

"வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் ஏது காசு?" என்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அரசாங்கத்தின் வறுமைக் கணக்கு வீட்டைத்தான் எண்ணுகிறது, வீட்டுக்குள் இருக்கும் பெண்ணைத் தனியாக எண்ணுவதில்லை. புருஷன் சம்பாதிப்பதாகத் தாளில் இருந்தால் போதும், கையில் பத்து ரூபாய்கூட இல்லாதவளும் ஏழையில்லை என்றாகிவிடும். ஆனால் இலவச சட்ட உதவிக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண் என்ற ஒன்றே போதும். வருமானச் சான்றிதழ் கேட்டு யாராவது அலையவிட்டால் நம்பாதீர்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இப்போதே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாதவரை, சட்டத்தைத் தெரிந்துகொண்டே வரவழைக்கும் அதிகாரிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 199-ஆம் பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 வருடம் கடுங்காவல் உண்டு. இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் நடந்ததை நிரூபிக்க வேண்டுமே! கேமரா இருக்கிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்கு முன், அதே வருடம் ஜூனில், சாத்தான்குளம் போலீஸ் பிடித்துப் போன தந்தையும் மகனும் காவலில் செத்தபோது மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தார். கேமரா பதிவு தினமும் தானாகவே அழியும்படி வைத்திருந்தார்கள். கேமரா இருந்தது, பதிவு இல்லை.

அதனால் காத்திருக்காதீர்கள். மறுநாளே எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஒரு மனு எழுதுங்கள், நகலை மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்புங்கள். ஒரு வருடம் தாண்டினால் ஆணையம் விசாரிக்காது. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், யார் பேசினார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள், எல்லாம் அந்த மனுவில் இருக்கட்டும். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.