பிடிக்காத சிகரெட்

இங்கிலாந்தில் கர்ப்பத்தைப் பதிவுசெய்ய வரும் பெண்ணிடம் மருத்துவச்சி ஒரு சின்னக் கருவியை நீட்டுகிறார். மூச்சைச் சில விநாடி அடக்கிவைத்து மெதுவாக ஊதினால் திரையில் ஓர் எண் வரும். ஊதிய காற்றின் பத்து லட்சம் பங்கில் கார்பன் மோனாக்சைடு 4 பங்கோ அதற்கு மேலோ இருந்தால், புகைப்பழக்கம் பற்றிய பேச்சு தொடங்கும். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்ணுக்கும் சில சமயம் எண் ஏறிவிடும். காரணம் பழுதான ஹீட்டராக இருக்கலாம், கணவராகவும் இருக்கலாம்.

கார்பன் மோனாக்சைடை ஏன் அளக்கிறார்கள்? ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடம் பறிபோகிறது. போதாக்குறைக்கு, கருவின் ரத்தத்தில் இது தாயின் ரத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே சேரும். கூடவே வரும் நிகோடின், நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறைவு, அதிலுள்ள ஆக்சிஜனும் குறைவு.

புகைக்கும் தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் ஏறக்குறைய இரு மடங்கு என்பதை, கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மருத்துவமனைப் பதிவுகளை வைத்து வினியா சிம்ப்சன் 1957-லேயே எழுதிவிட்டார். அவர்களின் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் எடை குறைந்து பிறக்கின்றன என்பது பின்னாளில் உறுதியானது. பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிடுவது, நன்றாக இருந்த சிசு தூக்கத்திலேயே இறந்துபோவது ஆகிய ஆபத்துகளும் கூடுகின்றன.

நம் ஊரில் பெண்கள் புகைப்பது அரிது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 சதவீதப் பெண்களே புகைத்தார்கள். அதே கணக்கெடுப்பில், வீட்டுக்குள் அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கும் பெரியவர்கள் 38.7 சதவீதம்! பப்பாளியைத் தொடாதே, அன்னாசி ஆகாது என்று கர்ப்பிணிக்கு ஆயிரம் பத்தியம் சொல்லும் வீட்டில், திண்ணையில் மாமனார் பற்றவைக்கும் பீடியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மருமகள் எப்படிச் சொல்வாள்?

அந்தப் புகையும் கருவின் எடையைக் குறைக்கிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை முடிவாகவே சொன்னது. குறைப்பு சிறியதுதான், ஆனால் பாதிப்பில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்பதும் அதே அறிக்கையில் உண்டு. ஜன்னலைத் திறப்பதும் மின்விசிறியைச் சுழலவிடுவதும் மனத் திருப்திக்கு மட்டுமே. அறையில் நிறைவதில் பெரும்பங்கு, ஊதி வெளியே விட்ட புகை அல்ல. விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து எழும் புகை.

புகையை விலக்கினால் பலன் உண்டா? ஸ்காட்லாந்து 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை போட்டது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவப் பதிவுகளை ஜில் பெல் குழுவினர் அலசி 2012-இல் வெளியிட்டார்கள். குறைமாதப் பிரசவங்கள் சுமார் 10 சதவீதம் சரிந்திருந்தன. புகைக்கும் தாய்மாரிடம் மட்டுமல்ல, ஒருபோதும் புகைக்காதவர்களிடமும் அந்தச் சரிவு தெரிந்தது.

இந்தியாவிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை கடுமையானது. அது வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி, கர்ப்பிணியோடு கணவரையும் உட்காரவைத்துக் கேட்க மருத்துவரால்தான் முடியும்.

புகைக்கும் பெண்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. 15 வாரத்துக்குள் நிறுத்தியவர்களுக்கு, குறைமாதப் பிரசவ ஆபத்து புகைக்காதவர்களின் அளவுக்கே இறங்கியதை நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2009-இல் காட்டியது. விட நினைக்கும் கணவர்களுக்கும் மாமனார்களுக்கும் மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது: 1800-11-2356.