கத்தி மட்டும் டாக்டர் கையில்

கடை ஒன்றாக இருக்கும்வரை முதலாளியே கல்லாவில் உட்காரலாம், சரக்கெடுக்கவும் போகலாம், வாடிக்கையாளரிடம் சமாதானமும் பேசலாம். இரண்டாவது கிளை திறந்ததும் தொடங்குகிறது சிக்கல். "நான் இல்லாட்டி ஒண்ணும் நடக்காது" என்று அதுவரை பெருமையாகச் சொன்னவர், அதையே புலம்பலாகச் சொல்ல ஆரம்பிப்பார்.

இதற்கு வழி தெரிய மதுரை அண்ணா நகர் வரை போனால் போதும். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-இல் வெறும் 11 படுக்கைகளோடு அங்கே தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் ஆபரேஷன் செய்தவர் அவர். எல்லாவற்றையும் தானே பார்க்க நினைத்திருந்தால் கணக்கு 11-லேயே நின்றிருக்கும்.

கண்புரை ஆபரேஷனில் டாக்டர் மட்டுமே செய்யக்கூடியது சில நிமிட வேலைதான். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளியைத் தயார்செய்வது, சொட்டு மருந்து எப்படிப் போடுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பயிற்சி பெற்ற கைகளால் முடியும். அதற்காகப் பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, 2 ஆண்டு பயிற்சி கொடுக்கிறது அரவிந்த். தியேட்டரில் ஒரு டாக்டருக்கு 2 டேபிள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். இப்படித்தான் ஒரு டாக்டரால் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன்கள் செய்ய முடிகிறது.

வேலையைத் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குகிற கதையல்ல இது. ஒவ்வொரு படிக்கும் முறை உண்டு. ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்களும் பதிவாகின்றன. நம் கடைவீதிகளிலோ பொறுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் "இனி நீ பாத்துக்கப்பா" என்ற ஒற்றை வரியோடு முடிகிறது. மாதக் கடைசியில் கணக்கு இடித்தால் சாவி பழையபடி முதலாளி இடுப்புக்கே வந்துவிடும்.

நிர்வாகத்தையும் டாக்டர் பிரித்துக்கொடுத்தார். கட்டடமும் பணமும் தம்பி சீனிவாசன் பொறுப்பு. பெண்களின் பயிற்சி, தங்கை டாக்டர் நாச்சியார் பொறுப்பு. சொந்தக்காரர்களிடம் கொடுப்பது பெரிய காரியமா என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் நோயாளியின் கண்ணையே நம்பிக் கொடுத்தது, உறவே இல்லாத அந்தக் கிராமத்துப் பெண்களிடம்.

2006-இல் அவர் மறைந்த பிறகும் சென்னை, திருப்பதி என்று கிளைகள் திறந்தன. ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் அந்தப் பெண்கள்தான்.