பயிற்றுநர் ஏன் பள்ளியை விட்டுப் போகிறார்?



மாலை ஐந்து மணியாகிவிட்டால் மட்டக்குளியில் கடற்காற்றோடு பந்து உதைபடும் ஓசையும் கேட்கத் தொடங்கிவிடும். களனி கங்கை கடலைச் சேரும் இந்த மூலையில் உதைபந்தாட்டம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டுகின்ற விளையாட்டு. மட்டையும் காலுறையும் வாங்கப் பணம் தேட வேண்டியதில்லை. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். அத்தகைய பிள்ளைகளிடையே ஒரு நல்ல பயிற்றுநர் பெறும் மதிப்பு, சில வேளைகளில் அதிபராகிய எனக்கும் கிடைப்பதில்லை என்பதை நான் வெட்கமின்றி ஒப்புக்கொள்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலை அணியின் தலைவனான மாணவன் ஒருவன் என் அறை வாசலில் வந்து நின்றான். சுற்றுப்போட்டிக்கு மூன்று கிழமைகளே இருந்தன. பயிற்றுநர் ஒரு பெரிய கழகத்தின் அழைப்பை ஏற்றுப் போய்விட்டார். “சேர், நாங்கள் என்ன பிழை செய்தோம்?” என்று அவன் கேட்டான். அன்று அவனுக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. எனக்கும் அவர்மீது கோபந்தான் இருந்தது. அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதற் காரணம் வயிறு. நம் நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் உதைபந்தாட்டப் பயிற்றுநர் நிரந்தர ஆசிரியர் அல்லர். பழைய மாணவர் சங்கமோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ திரட்டித் தரும் சிறு தொகையே அவருடைய வேதனம். போட்டிக் காலம் முடிந்தால் அதுவும் குறையும்; ஓய்வூதியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு பிள்ளைகளின் தந்தையான ஒருவர், மாதந்தோறும் உறுதியாகச் சம்பளம் தரும் இடத்தை நாடிச் செல்வதைக் குற்றம் என்று கூற நமக்கு உரிமை உண்டா?

ஆயினும், பணம் ஒன்றே காரணம் என்றால் கழகத்துக்குப் போனவர்கள் மறுபடியும் பள்ளிக்குத் திரும்புவது ஏன்? இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. பெயரளவில் தொழில் ஒன்றே எனினும், செய்கின்ற வேலை இரண்டு. பள்ளியிலே பயிற்றுநர் ஆட்டக்காரனை உண்டாக்குகிறார். பந்தை நிறுத்தவும், தலை நிமிர்ந்து பார்க்கவும், தோற்றபின் எதிரியின் கையைப் பற்றவும் அவரே கற்பிக்கிறார். கழகத்திலோ முன்பே உருவான ஆட்டக்காரர்கள் அவரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். அவர்களைக் கொண்டு வெற்றி பெறுவதே அவர் கடன்.

எங்களை விட்டுப் போன பயிற்றுநரைப் பின்னொரு நாள் கொட்டாஞ்சேனையில் சந்தித்தேன். “சேர், பாடசாலையில் ஒரு பொடியனை நான் ஆட்டக்காரனாக்கி முடிக்கும்போது அவன் பத்தொன்பது வயதாகி வெளியே போய்விடுகிறான். நான் தொடங்கிய வேலை முடிந்து ஒரு தடவையாவது பார்க்க ஆசைப்பட்டேன்,” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “ஆனால் கழகத்திலே இரண்டு ஆட்டம் தோற்றால் ஆட்டக்காரர் இருப்பார்கள்; நான்தான் போகவேண்டும்,” என்று சிரித்தார். இவ்விரு குறைகளுக்கும் இடையிலேதான் பயிற்றுநர்கள் போவதும் வருவதுமாக இருக்கின்றனர்.

இதனை மிகப் பெரிய அளவிலே காண விரும்பினால் அமெரிக்காவை நோக்கலாம். அங்கே உதைபந்து என்ற பெயரால் வழங்குவது நம்முடைய ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அதில் முதல்தரத் தொழில்முறை அணிகள் 32 மட்டுமே. ஆகவே தலைமைப் பயிற்றுநர் பதவிகளும் 32தான். உயர்மட்டப் பல்கலைக்கழக அணிகளோ 130க்கு மேற்பட்டவை. அவற்றுட் சில, ஓர் இலட்சம் பேர் அமரக்கூடிய அரங்குகளை உடையவை. எனவே ஒரு பக்கத்தில் இடம் இழந்தவர் மறுபக்கத்தில் இடம் தேடுவது அங்கே இயல்பாயிற்று.

நிக் சேபன் என்பவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்று, 2005இல் மயாமி நகரின் தொழில்முறை அணிக்குச் சென்றார். இரண்டு பருவங்களில் 15 வெற்றி, 17 தோல்வி. 2007இல் பல்கலைக்கழக ஆட்டத்துக்குத் திரும்பி அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அங்கே ஆறு தேசிய வாகைகளை ஈட்டி, 2024இல் ஓய்வு பெற்றார். மனிதர் ஒருவரே, விளைவு ஏன் வேறுபட்டது? தொழில்முறையில் பின்தங்கிய அணிக்கே புதிய ஆட்டக்காரரை முதலில் தெரிவுசெய்யும் உரிமை உண்டு. சம்பளத்துக்கும் பொதுவான எல்லை உண்டு. பல்கலைக்கழகத்திலோ பயிற்றுநரே இளைஞனின் வீட்டுக்குச் சென்று, தாய் தந்தையரோடு பேசி, அவனை அழைத்துவரலாம். ஆளறிந்து சேர்த்து வளர்ப்பதில் வல்லவருக்கு இரண்டாவது களமே ஏற்றது.

மறுதிசையிலும் பயணம் உண்டு. தொழில்முறையில் தலைமைப் பயிற்றுநராக ஆறு பெரும் வாகைகளை வென்ற பில் பெலிச்சிக், எழுபது வயதைக் கடந்தபின், 2024 திசெம்பரில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பதவியை ஏற்றார். அவர் முன்னர் எந்தக் கல்லூரியிலும் பயிற்றுநராக இருந்ததில்லை. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர் தம் பெயராலும் புகழாலும் பணம் ஈட்டலாம் என்றும், 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆனபின், கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் இடையே இருந்த மதில் தாழ்ந்துவிட்டது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் அயல்நாடான இந்தியாவிலே, ஐதராபாத்தில், சையத் அப்துல் ரகீம் என்றொருவர் இருந்தார். 1909இல் பிறந்தவர், உசுமானியாப் பல்கலைக்கழகப் பட்டதாரி, தொழிலால் பள்ளி ஆசிரியர். 1950இல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியை அவர் ஏற்றார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்சு கிண்ணத்தை வென்றது. இந்திய அணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1951இல் ஆசியப் போட்டியில் தங்கம். மறுவருடம் எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற படுதோல்வி. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962இல், புற்றுநோயால் நலிந்திருந்த நிலையிலும், சகார்த்தாவில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று மீண்டும் தங்கம் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டு சூன் மாதம் மறைந்தார்.

இவர் வளர்ந்த ஆட்டக்காரரிடையேயும் ஆசிரியராகவே விளங்கினார். பலம் குறைந்த காலாலேயே பந்தை உதைக்கவேண்டும் என்று விதித்துப் போட்டிகள் நடத்தினார் என்பர். கரும்பலகைக்கும் மைதானத்துக்கும் இடையே பெரிய தூரம் இல்லை என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று. பள்ளியிலே கற்ற பொறுமை கழகத்துக்கும் உதவும். கழகத்திலே கற்ற நுணுக்கம் பள்ளிக்கும் உதவும்.

ஆதலால், பயிற்றுநர் போவதைத் தடுப்பது நம் வேலையன்று. போகும்போது பள்ளி வெறுமையாகாதபடி பார்த்துக்கொள்வதே நம் கடமை. பருவத்தின் நடுவே விலகுவதில்லை என்று தொடக்கத்திலேயே உடன்பாடு செய்துகொள்ளலாம். அதற்கு ஈடாக, பருவம் முழுவதற்கும் வேதனம் உறுதி என்று நாமும் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆசிரியர் ஒருவரை நாள்தோறும் அவரருகே நிறுத்திப் பழக்கவேண்டும். ஒவ்வொரு மாணவனுடைய பலத்தையும் குறையையும் ஒரு கொப்பியில் குறித்துவைக்கச் சொல்லவேண்டும். எங்கள் பாடசாலையில் இன்று இம்மூன்றும் நடைபெறுகின்றன. அந்தக் கொப்பியின் முதற் பக்கங்களை எழுதியவர், முன்பு எங்களை விட்டுப் போன அதே பயிற்றுநர்தான்; மூன்று ஆண்டுகளுக்குப்பின் அவரே எங்களிடம் திரும்பி வந்தார்.

அன்று என் வாசலில் நின்ற மாணவன் இப்போது துறைமுகத்தில் தொழில் பார்க்கிறான். அவன் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒரு சொல்: தம்பி, நீங்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. பருவம் முடியும்வரை அவரை வைத்திருக்க வழி செய்யாத பிழை எங்களுடையது.