விஞ்ஞானமும் வாசிகசாலைத் திண்ணையும்

எமது ஊர் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரே பத்திரிகையை நால்வர் பகிர்ந்து வாசிப்பது வழக்கம். முதற் பக்கம் ஒருவர் கையிலும், விளையாட்டுப் பக்கம் ஓர் இளைஞன் கையிலும், மரண அறிவித்தற் பக்கம் வயோதிபர் ஒருவர் கையிலுமாகப் பிரிந்துபோய்விட, எஞ்சிக் கிடக்குந் தாளிலேதான் பெரும்பாலும் விஞ்ஞானச் செய்தி அச்சாகியிருக்கும். அதனை வாசிப்பதற்கென்று எவரும் அங்கு வருவதில்லை. ஆயினும் அதனைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லாமல் எழுந்து போனவர் ஒருவரையேனும் நாம் கண்டதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. அரசியல் பேசுவதென்றால் பக்கத்தில் இருப்பவர் எந்தக் கட்சி என்று பார்க்கவேண்டும். கோயில் விடயம் பேசுவதென்றால் அவர் எந்தப் பகுதி என்று பார்க்கவேண்டும். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேசுவதற்கோ இத்தகைய இடையூறு யாதுமில்லை. செவ்வாய்க் குற்றமுள்ள சாதகத்தை வைத்துக்கொண்டு வரன் தேடும் தந்தையொருவர் மாத்திரம் சற்றே முகஞ் சுளிக்கக்கூடும். மற்றையோர் எல்லாரும் நெஞ்சாரப் பேசலாம், நெஞ்சாரச் சிரிக்கலாம்.

2006ஆம் ஆண்டு ஒகஸ்ற் மாதம் 24ஆந் திகதி, பிறாக் நகரிலே கூடிய வானியலாளர்கள் புளூட்டோவைக் கிரகங்களின் வரிசையிலிருந்து நீக்கினர். அம்மாதம் 11ஆந் திகதி ஏ9 பாதை மூடப்பட்டு, யாழ்ப்பாணத்தில் ஊரடங்கும் பண்டத் தட்டுப்பாடும் நிலவிய காலம் அது. ஊரடங்கு தளர்த்தப்பட்ட வேளையில் சங்கக்கடை வாசலில் சீனிக்காக வரிசையில் நின்றபோதே, வானொலி கேட்டுவந்த ஒருவர் வாயால் இச்செய்தியை நாம் அறிந்தோம். முன்னே நின்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், “பென்சன் குடுத்துத்தான் நிப்பாட்டினவங்களோ?” என்று விசாரித்தார். சோதிடம் வல்ல பெரியவர் ஒருவர், “எங்கடை ஒன்பதுக்கை அவர் முந்தியும் இல்லை; பரிகாரம் ஒண்டும் தேவையில்லை” என்று ஆறுதல் சொன்னார். வரிசையின் கடைசியில் நின்ற தாயொருத்தி, “அதுக்கும் பாதையைப் பூட்டிப்போட்டாங்களாக்கும்” என்றாள். நாம் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்த மாதத்தில் நாம் அவ்வாறு சிரித்தது அதுவே முதற்றடவை.

ஆதலின், விஞ்ஞானச் செய்தியைப் பகிடி பண்ணுவது பாவம் என்று நாம் ஒருகாலும் சொல்லமாட்டோம். எட்டாத் தொலைவிலுள்ள பொருளை எம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துவந்து இருத்துவது பகிடியே. எனினும் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதனைச் சற்று ஆராய்வோம்.

1783ஆம் ஆண்டு ஒகஸ்ற் 27ஆந் திகதி, சாள்ஸ் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி ஐதரசன் வாயு நிரப்பிய ஆளில்லாப் பலூன் ஒன்றைப் பாரிஸ் நகரிலிருந்து மேலே விட்டார். அது முக்கால் மணி நேரம் பறந்து, கொனெஸ் என்னுங் கிராமத்திலே போய் விழுந்தது. வானத்திலிருந்து விழுந்து, புரண்டு, பெருமூச்சு விட்ட அப்பொருளைப் பூதமென்று எண்ணிய கிராமத்தவர்கள், வைக்கோல் வாரும் முட்கோல்களாற் குத்திக் கிழித்தனர். அச்செய்தியைக் கேட்டுப் பாரிஸ் நகரத்தார் நகைத்தனர். ஆனால் அந்த நகரத்தாரிலேயே சிலர், “இதனால் என்ன பிரயோசனம்?” என்று ஏளனமாய்க் கேட்டுக்கொண்டிருந்தனர். அங்கிருந்த பெஞ்சமின் பிராங்கிளின், புதிதாய்ப் பிறந்த குழந்தையால் என்ன பிரயோசனம் என்று திருப்பிக் கேட்டாராம். கிராமத்தவர் முட்கோலாற் குத்தினர். நகரத்தவர் நாவினாற் குத்தினர். பலூனுக்கு அவ்விரண்டிற்கும் பெரும் பேதமில்லை.

பின்னர் எக்ஸ்-கதிர் வந்தது. 1895 நவம்பர் 8ஆந் திகதி றொன்ஜன் அதனைக் கண்டார். டிசம்பர் 22ஆந் திகதி தம் மனைவியின் கையெலும்பையும் அவ்விரலில் இருந்த மோதிரத்தையும் படமாக்கினார். இரண்டொரு மாதத்துள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பகிடிகள் பெருகின. இனிச் சுவருக்கு அப்பாலும் பார்க்கலாம், உடைக்கு உள்ளும் பார்க்கலாம் என்று சனங்கள் நினைத்துவிட்டனர். எக்ஸ்-கதிர் புகாத உள்ளாடை என்று இலண்டனில் ஒரு வியாபாரி விளம்பரஞ் செய்தார். நாடக அரங்கிலே பாவிக்குந் தொலைநோக்குக் கண்ணாடிகளில் இக்கதிரைப் பொருத்தலாகாது என்று அமெரிக்காவின் நியூ ஜேர்சி சட்டசபையில் ஒரு மசோதாவே கொண்டுவரப்பட்டது.

இவற்றை வாசிக்குந்தோறும் எமக்குச் சிரிப்பு வரும். அதனைத் தொடர்ந்து ஒரு துயரமும் வரும். சனங்கள் அஞ்சியது தம் மானத்திற்கு. அஞ்சவேண்டியது உயிருக்கு. எடிசனின் உதவியாளராகவிருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் தம் கைகளையே கதிரின் முன் வைத்து வைத்துச் சோதனை செய்தார். கைகள் வெந்து, புற்றுநோய் கண்டு, இரு கைகளையும் வெட்டிய பின்னரும் பிழையாது, 1904ஆம் ஆண்டு மாண்டுபோனார். ஆபத்து ஒரு திசையில் நிற்க, பகிடி வேறு திசையில் விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கதை ஒரு பத்திரிகையைப் பற்றியது. றொபேட் கொடாட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், றொக்கெற் மூலம் மிகுந்த உயரத்தை எட்டலாம் என்றும், சந்திரனுக்கும் ஒன்றை அனுப்பலாம் என்றும் ஓர் ஆய்வுரை எழுதினார். அது வெளிவந்தவுடன், 1920 சனவரி 13ஆந் திகதி, நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஆசிரியத் தலையங்கத்திலே அவரைக் கிண்டல் செய்தது. காற்றில்லாத வெளியில் றொக்கெற் எதை உதைத்து முன்னே செல்லும்? உயர்பாடசாலை மாணவனுக்குத் தெரிந்த இவ்விடயம் பேராசிரியருக்குத் தெரியவில்லையே! இதுவே அத்தலையங்கத்தின் சாரம்.

உண்மை யாதெனில், பிழை தலையங்கக்காரரிடமே இருந்தது. தோணியொன்றில் நின்று தேங்காயைப் பின்புறமாக விசையுடன் வீசினால் தோணி முன்னே நகரும். தேங்காய் எதிலும் போய் முட்டவேண்டியதில்லை. வீசிய கணத்திலேயே தோணி தள்ளப்பட்டுவிட்டது. றொக்கெற்றும் அவ்வாறே தன் புகையைப் பின்னே வீசித் தான் முன்னே போகின்றது. கொடாட் இதனை ஏட்டிற் படித்ததோடு நில்லாமல், காற்றகற்றிய கலத்தினுள்ளே பரிசோதித்தும் பார்த்திருந்தார். ஆனால் பகிடி ஊரெங்கும் பரவிவிட்டது. கொடாட் பத்திரிகைக்காரரிடமிருந்து ஒதுங்கி, தம் வேலையை வெளியே காட்டாமலே செய்யத் தொடங்கினார். 1926 மார்ச் 16ஆந் திகதி, உலகின் முதலாவது திரவ எரிபொருள் றொக்கெற் அவர் கையால் 41 அடி உயரம் எழும்பி, இரண்டரைச் செக்கனில் ஒரு கோவாத் தோட்டத்தில் விழுந்தது. 1945இல் அவர் காலமானார். 1969 யூலை 16ஆந் திகதி மூவர் சந்திரனை நோக்கிப் புறப்பட்டனர். மறுநாள் அப்பத்திரிகை தனது பழைய பிழைக்கு வருந்துவதாகத் திருத்தம் வெளியிட்டது. நாற்பத்தொன்பது வருடம் பிந்திய அத்திருத்தத்தை வாசிக்கக் கொடாட் இல்லை.

இக்கதையை வகுப்பிலே பலமுறை சொல்லி, அந்தத் தலையங்கக்காரரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம். அவர் செய்ததையே ஒருநாள் நாமும் செய்வோம் என்று எண்ணியதில்லை.

2019 ஏப்பிரல் 10ஆந் திகதி, கருந்துளையொன்றின் படம் முதன்முதலாக உலகிற்குக் காட்டப்பட்டது. எம்மிலிருந்து ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப் போல 650 கோடி மடங்கு திணிவுடன் இருக்கும் அப்பொருள், கறுத்த நடுப்பகுதியும் செம்மஞ்சள் வளையமுமாகத் தோன்றியது. மேல்நாட்டார் அதனை டோனற் என்றனர். எமது வாசிகசாலையில் அது உழுந்துவடையாயிற்று. “இவ்வளவு காசு செலவழிச்சு, ஒரு வடை, அதுகும் மங்கலாய்!” என்றார் தபாலதிபர். அதே வருடம் யூன் மாதத்தில், ‘இராவணா-1’ என்ற எம் நாட்டின் சிறு செய்மதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பெட்டி அது என்று நாம் சொன்னதும், “புட்பக விமானத்திலை திரிஞ்ச மனிசனை ஒரு பெட்டிக்குள்ளை அடைச்சுப்போட்டாங்கள்” என்று பரிதாபப்பட்டார்.

உயிர்த்த ஞாயிற்றுத் துயரத்தின் பின்னர் அவ்வருடம் பாடசாலைகள் பிந்தியே திறக்கப்பட்டன. பாடத்திட்டம் பின்தங்கியிருந்தது. நாம் அவசரமாகக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், இரண்டாம் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். “சேர், கருந்துளையிலையிருந்து வெளிச்சமே வெளியாலை வராது எண்டு சொல்லுகினம். அப்ப எதைப் படம் எடுத்தவை?” என்று கேட்டான்.

“பிளாஷ் போட்டு எடுத்திருப்பினம், நீ இரு” என்றோம் நாம்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் இருந்தான். பாடம் தொடர்ந்தது.

அன்றிரவு உணவருந்தும்போதுதான் அக்கேள்வி எம்மைப் பிடித்துக்கொண்டது. அதற்கு விடை எமக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் எமக்குத் தெரிந்தது. தேடி வாசித்தோம். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு, மிகுந்த வெப்பத்தால் ஒளிர்கின்றது. அவ்வொளி வளைந்து எம்மை நோக்கி வர, நடுவே ஒளி வராத பகுதி நிழலாகத் தெரிகின்றது. படத்தில் நாம் கண்டது அந்நிழலையே. அதுவும் கண்ணாற் காணும் ஒளியன்று, 1.3 மில்லிமீற்றர் அலைநீளமுள்ள வானொலி அலை. ஹவாய், சிலி, ஸ்பெயின் முதலிய இடங்களில் இருந்த தொலைநோக்கிகளை ஒருங்கே திருப்பி, பூமியளவான ஒரே தொலைநோக்கி போலாக்கி, 2017 ஏப்பிரலில் அதனைப் பதிவு செய்தனர். பதிவுத் தட்டுக்களின் நிறை மாத்திரம் அரைத் தொன்னுக்கு மேல். அவற்றை இணையத்தில் அனுப்ப இயலாமல் விமானத்தில் ஏற்றிச் சென்றனர். தென்துருவத்தின் தட்டுக்கள் குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தன.

அம்மாணவன் கேட்டதோ, இவ்வளவு ஏற்பாட்டிற்கும் அடிப்படையாயிருந்த கேள்வி. அன்று அவ்வகுப்பில் வேறெவர்க்கும் தோன்றாத கேள்வி.

நாமோ மறுநாள் அதனைச் சொல்லவில்லை. பாடத்திட்டம் என்று ஒரு சாட்டு இருந்தது. சில வாரங்களின் பின்னர் ஆசிரியர் ஓய்வறையிலே சக ஆசிரியர் ஒருவர், “உங்கடை வகுப்புப் பிளாஷ் இண்டைக்கும் வரேல்லை” என்றார். பிளாஷ் யார் என்று வினவினோம். பையன்கள் அவனை அவ்வாறுதான் அழைக்கின்றனர் என்றும், பெயர் எப்படி வந்ததென்று தமக்குத் தெரியாதென்றும் அவர் சொன்னார். எமக்குத் தெரிந்திருந்தது. அவன் இரண்டாம் வாங்கிலிருந்து கடைசி வாங்கிற்கு மாறியிருந்ததும், அன்றைய தினத்தின் பின் ஒரு தடவையேனும் கை உயர்த்தாததும் அப்போதுதான் எம் நினைவில் வந்தன. கொடாட்டைப் பகிடி பண்ணிய தலையங்கக்காரருக்கு நாற்பத்தொன்பது வருடத்திற்குப் பின்னராவது ஒருவர் திருத்தம் வெளியிட்டார். எமக்காக யார் வெளியிடுவார்?

அவன் பாடசாலைக்கு வந்த நாளில், அக்கேள்வியைக் கரும்பலகையில் எழுதினோம். விடையை முழுவதும் விளக்கினோம். முடிவில், “இது உங்களிலை ஒருவர் கேட்ட கேள்வி. அண்டைக்கு எனக்கு மறுமொழி தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் பகிடி விட்டனான். அது என்ரை பிழை” என்றோம். வகுப்பு அமைதியாயிருந்தது. அவன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை உயரவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. கொப்பி கொடுக்க வந்தவன் எம் மேசையருகே தயங்கி நின்றான். “சேர், வானொலி அலைக்கு நிறம் இல்லைத்தானே? அப்ப படத்திலை செம்மஞ்சள் எங்காலை வந்தது?” என்று மெல்லக் கேட்டான். இம்முறை விடை எமக்குத் தெரிந்திருந்தது. எனினும் அங்கே சொல்லாமல், அடுத்த பாடத்தில் எழுந்து நின்று எல்லோரும் கேட்க வினவுமாறு சொன்னோம்.

வினவினான். கடைசி வாங்கிலிருந்து இன்னொருவன், “எண்ணெயிலை பொரிச்சால் அந்த நிறந்தானே வரும், சேர்!” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது; கேட்டவனும் சிரித்தான்; நாமுஞ் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின்னர், அலையின் வலிமை கூடிய இடத்தையும் குறைந்த இடத்தையும் கண்ணுக்குக் காட்டுவதற்காக ஆய்வாளர்கள் தாமே தேர்ந்து இட்ட நிறம் அது என்று விளக்கினோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பத்திரிகையின் எஞ்சிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஏதாவது கேட்கக்கூடும். பகிடி வாயில் வந்தால் அதனை விழுங்கவேண்டியதில்லை. ஆயின் சிரித்து முடிந்ததும் பிள்ளையை எழுந்து போக விடாதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி, இருவருமாகச் சேர்ந்து தேடுங்கள். எமது தபாலதிபரும் இப்போது அவ்வாறே செய்கின்றார், பகிடி முடிந்ததும் எம் பக்கம் திரும்பி, “மாஸ்ரர், உண்மையிலை விசயம் என்ன?” என்று கேட்கின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த எஞ்சிய தாளை நாம் முன்கூட்டியே வாசித்துவிட்டுச் செல்லவேண்டியிருக்கின்றது.