மருந்தடிக்கும் முன் பூச்சியின் மார்பைப் பாருங்கள்!

கத்திரி இலையில் புள்ளி வைத்த வண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டா, இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டா? இது தெரியாமல் மருந்தடித்தால் பணமும் போகும், நண்பனும் சாவான். பூச்சியை அடையாளம் காண, மார்பிலிருந்து தொடங்குவது சுலபம்.

பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பாகம். மார்பிலும் முன்மார்பு, நடுமார்பு, பின்மார்பு என மூன்று வளையங்கள். வளையத்துக்கு ஒரு ஜோடி வீதம் ஆறு கால்கள். இறக்கைகள் நடுமார்பிலும் பின்மார்பிலும் மட்டுமே முளைக்கும்.

முன்மார்பு: கும்பிடுபூச்சிக்கு இது நீண்டிருக்கும், இதிலுள்ள கால்கள் இரையைப் பிடிக்கும். பிள்ளைப்பூச்சிக்கு இதே கால்கள் மண்வெட்டி. தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கு முன்மார்பின் மேல் கருப்புப் புள்ளிகள் இருக்கும்.

நடுமார்பு: வண்டுகளின் முதுகை மூடும் கெட்டியான ஓடு, உண்மையில் இங்கிருந்து முளைத்த முன் இறக்கை. அந்த ஓடு பளபளப்பாக இருந்தால் பெரும்பாலும் நன்மை செய்யும் பொறிவண்டு. மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருந்து, இலையும் சல்லடையாகியிருந்தால் எபிலாக்னா.

பின்மார்பு: வெட்டுக்கிளியின் தாவும் கால்கள் இங்கே இருக்கின்றன. ஈக்களுக்கோ பின் இறக்கை சுருங்கி, பறக்கும்போது நிலை தடுமாறாமல் காக்கும் இரண்டு சிறு குமிழ்களாகிவிட்டது. தேனீ போலக் கோடு போட்டு, பூவின் முன் அந்தரத்தில் நிற்கும் பூச்சிக்கு ஒரே ஜோடி இறக்கை இருந்தால் அது சிர்பிட் ஈயாக இருக்கலாம். பல சிர்பிட் ஈக்களின் புழுக்கள் அசுவினியைத் தின்னும். விட்டுவிடுங்கள்.

இலையின் அடியில் நூலாம்படை கட்டி, எட்டுக் காலோடு ஊர்கிறதா? அது செஞ்சிலந்தி. அதற்குத் தனி மார்பும் இல்லை, அது பூச்சியும் இல்லை. பூச்சிக்கொல்லிகள் பலவற்றுக்கு அது கட்டுப்படாது. அதைத் தின்னும் உயிர்கள் செத்து, சிலந்தி இன்னும் பெருகவும் கூடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். காலை எண்ணுங்கள், இறக்கையை எண்ணுங்கள். அப்போதும் சந்தேகமா? பூச்சியை, அது தின்ற இலையோடு ஒரு டப்பாவில் போட்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். மருந்துக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.