புதன்கிழமைக்காகக் காத்திருந்த ஊர்

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கே பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. விலையையே பெயரில் வைத்திருந்தார்கள்: ‘ஒரு பைசாத் தமிழன்’. நடத்தியவர் சித்த வைத்தியரான அயோத்திதாசப் பண்டிதர். அடுத்த ஆண்டே வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி ‘ஒரு பைசா’ போய் வெறும் ‘தமிழன்’ ஆனது. அந்தத் தாளை எதிர்பார்த்துக் கிடந்த ஊர்களில் ஒன்று சென்னையிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ இல்லை. மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்த கோலார் தங்கவயல் அது; மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் அதன் பகுதிகள்.

தங்கவயல் என்றால் இன்றைய இளைஞர்களுக்கு 2018-இல் வந்த கன்னடப் படம் நினைவுக்கு வரும். அல்லது 2024-இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’. தங்கமும் ரத்தமும் அந்த ஊரின் கதையில் உண்டுதான், மறுக்க முடியாது. ஆனால் என்னை அந்த ஊரோடு கட்டிப்போட்டது தங்கம் அல்ல. நாள் முழுவதும் பாறையைக் குடைந்துவிட்டு மேலே வந்த மனிதர்கள், காசு தராத ஒன்றின் மேல் இப்படிப் பித்தாக இருந்தார்களே, அதுதான்.

எப்படிப்பட்ட வேலை அது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தப் பித்தின் கனம் புரியாது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கங்களை நடத்தத் தொடங்கியபோது வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து கிளம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் சொந்த ஊரில் சேரிக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். பண்ணையாரிடம் அடிமைப்பட்டுக் கிடப்பதைவிட பூமிக்குள் இறங்குவது மேல் என்று வந்தவர்கள். கூண்டில் ஏறி இறங்கினால், ஆழம் போகப் போக வெப்பம் ஏறும். பிற்காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறை, தொட்டால் கை சுடும் சூடு. பாறை தன் அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதில் தப்பியவர்களின் நுரையீரலைக் கல்தூசி மெல்ல மெல்லத் தின்றது.

1902-இல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரத் தெருக்களுக்கே அப்போது மின்விளக்கு கிடையாது. எந்திரங்களுக்கு வந்த வெளிச்சம், தொழிலாளர் குடியிருந்த தட்டி வீடுகளுக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

அந்தத் தட்டி வீடுகளுக்குத்தான் ‘தமிழன்’ வந்தது.

அந்தக் காலத்தில் பத்திரிகையைப் பெரும்பாலோர் காதால்தான் படித்தார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள், இடையில் நிறுத்தி வாதாடுவார்கள். ‘தமிழன்’ அதற்கு ஏற்ற தீனி. பௌத்தம் இந்த மண்ணில் எப்படி இருந்தது, எப்படி மறைக்கப்பட்டது என்று வாராவாரம் தொடர் வரும். ‘தாழ்ந்தவர்’ என்று சொல்லப்படுகிறவர்கள் உண்மையில் பூர்வ பௌத்தர்கள் என்று பண்டிதர் சொல்லுக்குச் சொல் வேர் காட்டி எழுதுவார். அவருடைய சொல்லாராய்ச்சியை இன்றைய மொழியியல் அறிஞர்கள் எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. ஏற்கவும் தேவையில்லை என்பேன். முந்நூறு அடி, ஆயிரம் அடி என்று கீழே இறங்கி வெடிமருந்துப் புகையைச் சுவாசித்தவனிடம், ‘உன் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, உன் பாட்டனுக்கு ஒரு நூல் இருந்தது’ என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

என்னை அதிகம் ஈர்ப்பது வாசகர்கள் அனுப்பிய ஐயங்களும் அவற்றுக்குப் பண்டிதர் எழுதிய விடைகளும். சடங்கு, பண்டிகை, சாதி, ஒரு சொல்லின் பொருள் என்று எதையும் கேட்பார்கள். பாறைச் சுவரில் துளை போடும் கை, ராத்திரி சிம்னி விளக்கில் கேள்வி எழுதும். எழுதத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் சொல்லி எழுத வைக்கும். பிறகு பதில் அச்சில் வரும் வரை காத்திருக்கும். யாரும் கட்டாயப்படுத்தாமல், கூலி எதுவும் கிடைக்காமல், ஒரு மனிதன் ஒரு கேள்வியைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்றால், அவனுக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு கிடைத்துவிட்டது என்றே பொருள்.

அயோத்திதாசர் 1898-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவியவர். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் கண்டார். அதன் கிளை சில ஆண்டுகளிலேயே மாரிகுப்பத்தில் முளைத்தது. எம்.ஒய். முருகேசம் போன்றவர்கள் அதைத் தாங்கி நின்றார்கள். பிறகு சாம்பியன் ரீஃபிலும் சங்கம் வந்தது. வைசாகப் பௌர்ணமி, கூட்டம், சொற்பொழிவு, நூல் வெளியீடு என்று சுரங்கத்து ஊரில் ஒரு தனி வாழ்க்கை வளர்ந்தது. சங்கு ஊதினால் ஷிப்டு. அந்தச் சங்குக்குக் கட்டுப்படாத நேரம் இது.

1914 மே 5-இல் பண்டிதர் இறந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் பத்திரிகையைக் கொண்டுசெலுத்தினார். பிறகு நின்றது. பெரும்பாலான சிறு பத்திரிகைகளின் கதை இங்கே முடிந்துவிடும்.

தங்கவயல் முடிய விடவில்லை. 1926-இல் ‘தமிழன்’ மறுபடி வந்தது. இம்முறை சென்னையிலிருந்து தங்கவயலுக்குத் தபாலில் வரவில்லை, தங்கவயலிலிருந்தே வெளியே போயிற்று. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை என்ற பெயரில் அதே ஊரிலிருந்து பதிப்பித்துக்கொண்டே இருந்தார்கள். வாசகராக இருந்த ஊர் அச்சகத்து ஊராக மாறியது. இதற்கு எவ்வளவு காசு வேண்டும், எவ்வளவு இரவு விழிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வோர் எழுத்தாகக் கையால் கோத்து, மெய்ப்புத் திருத்தி, மடித்து, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். கொடுத்த பணம் கூலிக்காரர்கள் முடிந்து வைத்த காசு.

அந்தப் பித்து மனிதர்களுக்குள் என்ன செய்தது என்பதற்கு 1930-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். கைரேகை எடுப்பது குற்றவாளிகளுக்குச் செய்வது. நாங்கள் திருடர்களா என்பதே கேள்வி. கம்பெனிக்கு அது நிர்வாக வசதி. தொழிலாளிக்கு அது மானம். பத்திரிகை படித்ததால்தான் போராடினார்கள் என்று நான் கணக்குப் போடவில்லை, அத்தனை எளிதாக எதுவும் நடப்பதில்லை. ஆனால் ஏறக்குறைய கால் நூற்றாண்டாக ‘நீ யார்’ என்ற கேள்வியைக் கேட்டுப் பழகிய தொழிலாளர் லைன் வீடுகள் அவை. அச்சு மையைத் தேடிப் போய்த் தொட்ட விரல்கள், கம்பெனி நீட்டிய மையில் தோய மறுத்தன.

படிப்பு மட்டுமே பித்து என்று சொல்லிவிடக் கூடாது. கால்பந்து, ஹாக்கி, குத்துச்சண்டை, தேவாலயத்துப் பாட்டுக் குழு, நாடகம் என்று ஊர் நிறைய பித்துகள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடிய கென்னத் பவல் இந்த ஊரில் பிறந்தவர், மறுவருடமே அர்ஜுனா விருது பெற்றார். இன்னொரு வகைப் பித்தரும் இங்கே வந்தார்கள். 1951 முதல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் காஸ்மிக் கதிர்களை அளக்கக் கருவிகளோடு சுரங்கத்துக்குள் இறங்கினார். தலைக்கு மேலே அவ்வளவு பாறை இருந்தால் வேண்டாத கதிர்கள் வடிகட்டப்பட்டுவிடும் என்பது கணக்கு. 1965-இல், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, இங்கிலாந்து விஞ்ஞானிகள் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டு பிடித்தார்கள். உலகத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. இருட்டில் மாதக்கணக்காக உட்கார்ந்து ஒரே ஒரு மின்னலுக்காகக் காத்திருந்தவர்களையும், லைன் வீட்டில் அடுத்த வாரத்துப் பதிலுக்காகக் காத்திருந்தவரையும் நான் ஒரே பந்தியில்தான் உட்கார வைப்பேன்.

இனி, தாள்களைக் காத்தவர்கள். இதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி.

பத்திரிகை என்பது ஒரு வாரம் வாழப் பிறந்தது. மறுவாரம் அது பொட்டலம் கட்டப் போகும், அடுப்பு மூட்டப் போகும், கூரை ஒழுகினால் ஊறிப் போகும். பழைய ‘தமிழன்’ இதழ்களைத் தொகுத்துக் காக்கவேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் அன்று நினைக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதியவர்கள் பலர் அந்தப் பெயரையே தாண்டிப் போனார்கள். வைத்திருந்தவர்கள் வீட்டுக்காரர்கள். அப்பா வைத்திருந்தார், ஆகவே மகன் வைத்திருந்தான், அவ்வளவுதான் காரணம். தங்கவயலின் பௌத்தக் குடும்பங்கள், திருப்பத்தூரின் தி.பெ. கமலநாதன், சென்னையில் அன்பு பொன்னோவியம் என்று சிலர் பல பத்தாண்டுகள் கரையானோடும் ஈரத்தோடும் மல்லுக்கட்டினார்கள். அவர்கள் கொடுத்ததை எடுத்து ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999-இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து. இன்று அவரைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள், எத்தனை கருத்தரங்குகள்! எல்லாம் யாரோ ஒருவர் பரணில் துணி சுற்றி வைத்த கட்டிலிருந்து கிளம்பியவை.

அயோத்திதாசரே தம் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பட்லராக வேலை பார்த்தவர் கந்தப்பன். வீட்டில் வைத்திருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியைக் கொண்டுபோய்த் துரைமார் வழியாகத் தமிழறிந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் கைக்குச் சேர்ப்பித்தார் என்கிறார். பாட்டன் ஓலையைக் காத்தார், பேரன் பத்திரிகை நடத்தினார், பேரனின் பத்திரிகையைச் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் காத்தன.

பிற்காலத்தில் இந்தச் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போயிருந்தது. சயனைடு மண் மலைகள் ஊரிலேயே தங்கிவிட்டன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் இன்றைக்கும் வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டில் விழுகிறது. வேலை போன வீடுகளின் பிள்ளைகள் விடியும் முன் எழுந்து மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. போக சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், வர அதே அளவு. நாளில் நான்கைந்து மணி நேரம் தண்டவாளத்தில் கரைகிறது. அப்படி வீடு திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகிறவர்கள், அம்பேத்கர் பிறந்த நாளுக்குத் தமிழில் பேச்சு தயார்செய்கிறவர்கள், பௌத்த விகாரையில் பௌர்ணமிக்கு விளக்கேற்றுகிறவர்கள் அந்த ஊரில் உண்டு. சுரங்கத்தின் கூண்டு நின்றுபோன ஊரில் இது நிற்கவில்லை.

‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதியை எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் புரட்டுவது பண்டிதரின் பெரிய கட்டுரைகளை அல்ல. வாசகர் கேள்விகளைத்தான். ஒவ்வொன்றையும் படிக்கும்போது, இதைக் கேட்டவர் அன்று எந்த ஷிப்டு முடித்து வந்திருப்பார், விளக்கில் எண்ணெய் இருந்திருக்குமா, பக்கத்தில் தூங்கிய குழந்தை விழித்து அழுததா என்று நினைப்பு ஓடும். கேள்விக்குக் கீழே பண்டிதரின் விடை, நிதானமாக, பத்தி பத்தியாக. இரண்டுக்கும் நடுவே அச்சில் தெரிவது ஒரு விரற்கடை வெற்றிடம். அந்த மனிதர் காத்திருந்த புதன்கிழமைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.